ஏழாம் எண் குழாய்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலிருந்தே எதுவும் சரியில்லை. பத்து மணிக்கு ரத்தம் கொடுக்க வரவேண்டிய ஆள் வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவும் இல்லை. செல் பிரிக்கிற இயந்திரத்துக்கு இன்று மதியம் என்று ஆறு வாரத்துக்கு முன்பே இடம் பிடித்து வைத்திருந்தோம். விட்டால் இனி ஏப்ரல் கடைசிதான்.

கொண்டைப்பேனா வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தாள். எங்கள் லேபில் டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்கிற பெண். எந்நேரமும் கொண்டையில் இரண்டு மார்க்கர் பேனா செருகியிருப்பாள், அதனால் நான் வைத்த பெயர். நிக்கல் ஒவ்வாமை உள்ளவர்கள் எட்டுப் பேர், இல்லாதவர்கள் எட்டுப் பேர்; இரண்டு பக்கத்து ரத்தத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது அவள் வேலை. இல்லாதவர்கள் பக்கத்தில் ஏழாவது ஆள்தான் இன்று கம்பி நீட்டிய மகராசன்.

"அக்கா, எப்படியாவது யாரையாவது பிடிங்கக்கா. உங்களால முடியும்."

பிடித்தேன். என்னையே பிடித்தேன்.

லேப் ஆட்கள் ரத்தம் கொடுக்கக் கூடாது என்பது விதி. வழக்கமான நர்ஸ் லீவு. பதிலுக்கு வந்தவளுக்கு என்னைத் தெரியாது. படிவத்தில் ஒரு கேள்வி: தோடு, வாட்ச், பட்டன் பட்டு எப்போதாவது அரிப்பு வந்ததுண்டா? "இல்லை" என்று டிக் அடித்தேன். கடைசியாக வந்து பதினைந்து வருடம் இருக்கும். இல்லாத மாதிரிதானே?

படிவ அலமாரியின் சாவி லேப் டெக்னீஷியனான என்னிடம். யாருடைய ரத்தம் என்று ஆராய்ச்சி செய்கிறவர்களுக்குத் தெரியக் கூடாது. அவர்களுக்குப் போவது எண் ஒட்டிய குழாய் மட்டும். "யாரோ ஒரு புண்ணியவான் கிடைச்சார்" என்று சொல்லி 7 என்ற குழாயை நீட்டினேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டாள்.

பெருமையாகத்தான் இருந்தது.

மார்ச் 6, வியாழன்

ஊசி குத்திய இடம் கன்றிவிட்டது. முழுக்கைச் சட்டை போட்டுப் போனேன். பெரியவர் (எங்கள் பேராசிரியர்) "குளிருதா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். வெளியே மண்டை பிளக்கிற வெயில்.

மார்ச் 28, வெள்ளி

முடிவு வந்துவிட்டது.

திரையைச் சுற்றி பெரியவர், கொண்டைப்பேனா, நான். ஒவ்வாமை உள்ளவர்களின் புள்ளிகள் மேலே. இல்லாதவர்களின் புள்ளிகள் தரையோடு தரையாக. ஏழு மட்டும் மேலே நிற்கிறது. ஒவ்வாமை உள்ள எட்டுப் பேரில் ஆறு பேரைவிட உயரத்தில்.

"இது எப்படி சார்?" என்றாள் அவள். பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார்.

எப்படி என்று எனக்குத் தெரியும். பார்த்த நொடியே தெரிந்தது. காது இரண்டும் சூடாகிவிட்டன. சோப்பு தீர்ந்துவிட்டது என்று முணுமுணுத்துவிட்டு ஸ்டோருக்குப் போனேன். சோப்பு தீரவில்லை. அங்கே அட்டைப்பெட்டி மேல் கால்மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 29, சனி

வீட்டுக்காரர் யார் வீட்டிலோ குழாய் அடைப்பு எடுக்கப் போயிருக்கிறார். அவர் வருவதற்குள் எழுதிவிடுகிறேன்.

பதினாறு வயதில் ஒரு தோடு. மூன்றாம் நாள் காது வீங்கி நீர் வடிந்தது. பிறகு வாட்ச், மணிக்கட்டைச் சுற்றி வளையம் மாதிரி சிவப்பு. பிறகு தொப்புளுக்குக் கீழே, பட்டன் படுகிற இடம். சொறிந்து சொறிந்து தோல் தடித்துப்போயிற்று. டாக்டரிடம் போகலாமா என்று கேட்டதற்கு அம்மா, "தோல் வியாதின்னு பேர் வந்தா எவன் கட்டுவான்? மூச்சு விடாத" என்றாள்.

விடவில்லை. கல்யாணப் பேச்சு வந்தபோது விடவில்லை. கல்யாணத்துக்குப் பிறகும் விடவில்லை. உள்ளாடைக் கொக்கியில், பட்டனில், சாவிக்கொத்தில் எல்லாம் நிறமில்லாத நெயில் பாலிஷ் பூசிவிடுவேன். உலோகம் தோலில் படாது. நகை பிடிக்காது என்று எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். "எவ்வளவு எளிமை" என்று பெயர் வேறு.

இதில் வேடிக்கை என்னவென்றால் நிக்கல் கரைசலைக் கலக்கிக் கொடுப்பதே நான்தான். அந்த உப்பு பச்சைக் கண்ணாடித் தூள் மாதிரி இருக்கும். இரண்டு ஜோடி கையுறை போடுவேன். "அக்காவுக்கு எவ்வளவு கவனம் பாருங்க" என்பார்கள். கவனமா அது? பயம்.

திங்கட்கிழமை போய்ச் சொல்லிவிட வேண்டும். ஒரே வாக்கியம்தானே.

ஏப்ரல் 2, புதன்

சொல்லவில்லை.

ஏப்ரல் 9, புதன்

அவள் குற்றவாளியைத் தேடுகிறாள். எங்கிருந்தோ ஏழாம் குழாயில் நிக்கல் கலந்துவிட்டது என்பது அவள் சந்தேகம். ஊசியின் எஃகிலிருந்தா, தண்ணீரிலிருந்தா, அல்லது கழுவிய பாட்டிலிலிருந்தா. தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பினாள். திரவத்தை அளந்து உறிஞ்சுகிற பிப்பெட்டின் முனைகளைப் புதிதாக வாங்க வைத்தாள். இன்று நூற்று இருபது டியூப்களை அமிலத்தில் ஊறப்போட்டுக் கழுவினோம், நானும் அவளும், பக்கத்தில் பக்கத்தில் நின்று. திருப்தியில்லாமல் இன்னொரு முறையும் கழுவினாள். நானும் கழுவினேன்.

கழுவும்போது பேசிக்கொண்டே இருந்தாள். இத்தனை வருடத்தில் இவ்வளவு தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. ரத்தத்தில் காவல் காக்கிற வெள்ளை அணுக்களில் ஒரு வகையான டி செல்லுக்குக் கண் கிடையாதாம், கைதானாம். ஒவ்வொரு செல்லுக்கும் ஒவ்வொரு மாதிரி கை. அதைத்தான் ஏற்பி என்கிறோம். இன்னொரு செல் ஒரு புரதத் துண்டைத் தட்டில் வைத்து நீட்டும். கை பொருந்தினால் பிடித்துக்கொள்ளும், சண்டை ஆரம்பமாகும். ஆனால் நிக்கல் வெறும் அணு. அதைப் பிடிக்க அதில் என்ன இருக்கிறது? "அது கைக்கும் தட்டுக்கும் நடுவுல போய் உக்காந்துக்குதுக்கா. கையோட நுனியில ஹிஸ்டிடின்னு ஒரு அமினோ அமிலம் இருந்தா நிக்கலுக்கு ஒட்டிக்க வசதி. அந்த மாதிரி கை ஒவ்வாமை இருக்கிறவங்ககிட்ட அதிகம்னு காட்டிட்டேன்னா போதும், என் வேலை முடிஞ்சுது."

"இல்லாதவங்ககிட்ட இருக்கவே இருக்காதா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன்?

"புதுச் செல்லுல எல்லாருக்கும் கொஞ்சம் இருக்கும். ஆனா ஒரு தடவ சண்ட போட்டு ஞாபகம் வச்சிருக்கிற செல் இருக்கு பாருங்க, அது அவங்ககிட்ட இருக்கக் கூடாது. ஏழுல குவியலா இருக்கு. அந்தாளு வாழ்க்கைல நிக்கல தொட்டதே இல்லேங்கிற மாதிரி எழுதிக் குடுத்திருக்காரு. செல்லு வேற சொல்லுது."

தண்ணீர்க் குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டேன், என் முகத்தைப் பார்க்காமல் இருக்கட்டும் என்று. பதினைந்து வருடம் ஆயிற்று, ஆறிவிட்டது என்று நான்தான் நினைத்தேன். அதுகள் எதையும் மறக்கவில்லை.

சாயங்காலம் அவள் தலைவலி என்றாள். டீ போட்டுக் கொடுத்தேன். "நீங்க இல்லேன்னா நான் என்னக்கா பண்ணுவேன்." பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதை நான் சம்பளம் வாங்கிக்கொண்டு செய்கிறேன்.

ஏப்ரல் 10, வியாழன்

இரவு முழுக்க மணிக்கட்டு அரித்தது. அங்கே ஒன்றுமே இல்லை.

ஏப்ரல் 24, வியாழன்

ஃப்ரீசரில் மிச்சம் வைத்திருந்த ஏழாம் ஆளின் செல்களை எடுத்து முதலிலிருந்து செய்தாள். அதே முடிவுதான், மயிரிழை மாறவில்லை.

வாராந்தரக் கூட்டத்தில் அவள் கேட்டாள்: "சார், ஏழ மட்டும் எடுத்துட்டா? மத்ததெல்லாம் நல்லா இருக்கே."

பெரியவர் கத்துகிற ஆள் இல்லை. மெதுவாகத்தான் சொன்னார். "பிடிக்காத முடிவத் தூக்கிப் போடுறதுக்குப் பேர் ஆராய்ச்சி இல்லம்மா. எடுக்கணும்னா காரணம் வேணும். உன்கிட்ட காரணம் இருக்கா?"

அவளிடம் இல்லை. காரணம் அவளுக்கு மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்தது, நோட்டில் கோடு கிழித்துக்கொண்டு.

பெரியவர் அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "மெஷின் பொய் சொல்லாது. கைதான் எங்கயோ தப்பு பண்ணுது. இவங்கள எடுத்துக்கோ. பத்தொன்பது வருசத்துல இவங்க கை பட்டு ஒரு டியூப் கெட்டதில்ல. கூட நின்னு பாரு. கத்துக்கோ."

"சரி சார்" என்றாள்.

மதியம் நிஜமாகவே வந்து நின்றாள். ஐந்து வருடமாக பிப்பெட் பிடிக்கிற பெண்ணுக்கு பிப்பெட் எப்படிப் பிடிப்பது என்று காட்டினேன். கட்டைவிரல் இப்படி, மெதுவாக விடணும், நுனி டியூபின் சுவரைத் தொடக் கூடாது. அவளும் "ம்" "ம்" என்று கேட்டுக்கொண்டாள். பாதியில் பார்த்தால் கண்ணில் நீர் நிற்கிறது. துடைக்கவில்லை, கையுறை போட்ட கையால் முகத்தைத் தொடக் கூடாது என்பதால். அந்த நிலையிலும் ஒழுங்கு பார்க்கிற பெண்ணைத்தான் கை சரியில்லை என்கிறோம்.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாமே. என்ன ஜென்மம் நீ? ஒரு வார்த்த. "ஏழு நான்தான்." அவ்வளவுதான. நாக்கு எங்க போச்சு?

மே 7, புதன்

பெரியவர் புது யோசனை சொல்லிவிட்டார். ஒவ்வாமை இல்லை என்று எழுதிக் கொடுத்த எட்டுப் பேரையும் கூப்பிட்டு முதுகில் நிக்கல் ஒட்டுப் போட்டுப் பார்த்துவிடலாம். இரண்டு நாள் கழித்துப் பிரித்தால் உண்மை தெரிந்துவிடும். முதலிலேயே செய்திருக்க வேண்டும், செலவு பார்த்து விட்டுவிட்டோம் என்றார்.

கொண்டைப்பேனாவின் முகத்தில் ஒன்றரை மாதத்துக்குப் பிறகு இன்றுதான் வெளிச்சம். "அக்கா, ஏழு வந்துட்டாப் போதும்க்கா. மத்தவங்க வரலேன்னாலும் பரவாயில்ல."

போன் செய்கிற பொறுப்பு என்னுடையது. பெயர்ப் பட்டியலை நான் மட்டும்தான் பார்க்கலாம். ஏழு பேருக்கு அடித்தேன். ஆறு பேர் வருகிறேன் என்றார்கள், ஒருவர் வேலை இருக்கிறது என்றார். பிறகு போனைக் காதில் வைத்துக்கொண்டு, யாருக்கும் அடிக்காமல், சும்மா கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்து சொன்னேன்: "ஏழு ஊர் மாறிட்டாராம்மா. இனி வர மாட்டாராம்."

மார்ச்சில் சொன்னது பொய் என்று கூட எனக்குச் சரியாகத் தெரியாது, அவசரம், வீம்பு, என்னவோ. இது அப்படியில்லை. அவள் கண்ணைப் பார்த்துச் சொன்னேன்.

"பரவாயில்லக்கா" என்று அவள்தான் எனக்கு ஆறுதல் சொன்னாள்.

மே 9, வெள்ளி

ஒரு நப்பாசை. ஒருவேளை எனக்கு இப்போது ஒவ்வாமையே இல்லாமலிருந்தால்? ஒருவேளை நிஜமாகவே அழுக்குதான் காரணமென்றால்? அப்படியிருந்தால் நான் பொய்யே சொல்லவில்லை.

ஒட்டு ஒன்றை எடுத்து வந்துவிட்டேன். திருட்டு வேறு. முதுகுக்குக் கை எட்டாததால் மேல்கையின் உள்பக்கம் ஒட்டிக்கொண்டேன்.

மே 11, ஞாயிறு

பிரித்தேன். காசு அளவுக்குச் சிவந்து தடித்து, நடுவில் சின்னச் சின்னக் கொப்புளம்.

குளியலறைக் கதவைத் தாழிடவில்லை. வீட்டுக்காரர் பல் குச்சியோடு எட்டிப் பார்த்தார். கையை மறைத்தேன்.

"எதுக்கு மறைக்கிற? எனக்குத் தெரியாததா?"

"என்ன தெரியும்?"

"நகத்துக்கு ஒரு நாளும் பூசாதவ வருசம் முழுக்க நெயில் பாலிஷ் வாங்குறா. இருபத்தஞ்சு வருசமா உன் கொக்கியெல்லாம் பளபளங்குது. நான் குழாய் ரிப்பேர் பண்றவன்தான், குருடன் இல்ல."

"ஏன் கேக்கல?"

"நீ சொல்லல. நான் கேக்கல." குச்சியைக் குப்பையில் போட்டார். "சொல்லணும்னு தோணுறப்ப சொல்லுவன்னு இருந்தேன். வெள்ளி விழாவே வந்துடுச்சு."

சிரிப்பும் வந்தது, அவமானமாகவும் இருந்தது. இத்தனை வருடம் யாரிடமிருந்து எதை மறைத்தேன்? உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மார்ச்சிலிருந்து. பொய்யாக போன் பேசியதைச் சொன்னபோது மட்டும் அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"அந்தப் பொண்ணுகிட்ட சொன்னியா?"

"இல்ல."

"அப்ப என்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்?"

மே 14, புதன்

பெரியவரின் அறை வாசல் வரை போனேன். உள்ளே யாரோ இருந்தார்கள், திரும்பிவிட்டேன். யாரும் இல்லாமல் இருந்திருந்தாலும் திரும்பியிருப்பேன்.

மே 16, வெள்ளி

வந்த ஆறு பேருக்கும் ஒட்டுப் போட்டுப் பார்த்தாயிற்று. ஆறு பேருக்கும் ஒன்றுமில்லை. வேலை இருக்கிறது என்ற அந்த ஒருவரும் கடைசியில் வந்தார். அவருக்கும் இல்லை.

ஏழு "ஊர் மாறிவிட்டது".

மே 20, செவ்வாய்

இன்றே எழுதிவிடுகிறேன்.

காலையில் பெரியவர் அவளைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். டிசம்பரோடு உதவித்தொகை முடிகிறது. இந்த டேட்டாவை வைத்துக்கொண்டு டாக்டர் பட்டம் கிடைக்காது, இதுவரை செய்ததைச் சுருக்கி எழுதிச் சின்னப் பட்டத்தோடு வெளியே போய்விடு, நல்ல சான்றிதழ் தருகிறேன் என்று சொல்லிவிட்டார். அவள் சரி என்றுவிட்டாள்.

நான் போனபோது செல் வளர்க்கிற அறையில் தன் பொருட்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். டைமர், இரண்டு ஸ்டாண்டு, பெயர் எழுதிய கோட்டு. "இந்த பிப்பெட் நீங்க வச்சுக்கங்கக்கா. உங்க கைக்குத்தான் இது அடங்கும்" என்றாள். கிண்டல் இல்லை. மனசார.

எனக்குள் எங்கேயோ அறுந்துவிட்டது.

"ஏழு நான்தான்" என்றேன்.

காற்று இயந்திரத்தின் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. "என்னக்கா?" இயந்திரத்தை அணைத்தாள். அமைதியாக இருக்கிற அறையில் அதையே இன்னொரு முறை சொல்ல வேண்டியதாயிற்று.

"ஏழு நான்தான். எனக்கு நிக்கல் ஒத்துக்காது. சின்ன வயசுலேருந்து. படிவத்துல பொய் எழுதினேன்."

அவள் உட்காரவில்லை, கத்தவில்லை. பெட்டியின் மூடியைப் பிடித்தபடி நின்றாள்.

"எப்பலேருந்து தெரியும்?"

"முடிவு வந்த அன்னைக்கே."

"டியூப் கழுவினோமே."

"ஆமா."

"ரெண்டு தடவ கழுவினோம்."

"ஆமாம்மா."

"பிப்பெட் பிடிக்கக் கத்துக்குடுத்தீங்க."

அவள் கொடுத்த பிப்பெட்டை மேசை மேல் வைத்தேன்.

"எங்க அம்மாகிட்ட சொன்னேன், என் கைல ஏதோ கோளாறுன்னு. நடுங்குதா, டாக்டர்ட்ட காட்டுன்னு அழுதாங்க. போன வாரம் நரம்பு டாக்டர்ட்ட போயிட்டு வந்தேன்." கையை நீட்டிப் பார்த்தாள், உள்ளங்கையும் புறங்கையும். "அவரு ஒண்ணும் இல்லேன்னாரு. எனக்கு நம்பிக்கை வரல."

மன்னிச்சிடும்மா என்றேன். ஏன் இப்படிச் செய்தேன், அம்மா, தோல், கல்யாணம் என்று ஏதேதோ ஆரம்பித்தேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். முடித்ததும், "அதெல்லாம் உங்க கஷ்டம். எனக்குப் புரியுது. ஆனா தினமும் எனக்கு டீ போட்டுக் குடுத்தீங்களே, அது எதுக்கு?" என்று கேட்டாள்.

பதில் எனக்குத் தெரியும். அவள் என்னை நல்லவள் என்று நினைப்பது நின்றுவிடக் கூடாது என்பதற்குத்தான்.

"நீங்களே சார்ட்ட சொல்றீங்களா, நான் சொல்லணுமா?"

"நானே சொல்றேன்."

"இப்பவே போங்க மேடம்" என்றாள்.

மே 21, புதன்

பெரியவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அந்தப் பொண்ணு கைய நான் குறை சொன்னப்ப நீங்க பக்கத்துலதான இருந்தீங்க?" ஆமாம் என்றேன். சாவியைக் கேட்டார். சாவிக்கொத்திலிருந்து அதைக் கழற்ற ரொம்ப நேரம் பிடித்தது, அவர் கையை நீட்டியபடியே இருந்தார்.

வேலை போகாது, விசாரணை உண்டு, அடித்தளத்தில் பாட்டில் கழுவும் பிரிவுக்கு மாற்றம். பத்தொன்பது வருடத்துக்காக இந்த மட்டும் என்றார். அவர் குரலும் சரியாக இல்லை. தானும் அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று சொன்னார். என்னிடம் எதற்குச் சொல்ல வேண்டும் என்று தெரியவில்லை.

மே 23, வெள்ளி

வீட்டுக்காரர் கேட்டார், "சொன்னதும் பாரம் எறங்கிச்சா?" இல்லை. கொஞ்சம்கூட இல்லை. சும்மா கதைவிடுகிறார்கள்.

ஜூன் 5, வியாழன்

பொய் சொல்லிக் கொடுத்த ரத்தத்தை ஆராய்ச்சியில் வைத்துக்கொள்ளக் கூடாதாம். டேட்டாவையும் அழிக்க வேண்டும், ஃப்ரீசரில் மிச்சமிருக்கிற செல்களையும் அழிக்க வேண்டும், கொடுத்தவர் கையெழுத்துப் போட வேண்டும். மேலே கூப்பிட்டார்கள்.

கொண்டைப்பேனா காகிதத்தை என் பக்கம் நகர்த்தினாள். இரண்டு வாரத்தில் முதல்முறை பார்க்கிறேன். ஏழுக்கு இப்போது காரணம் கிடைத்துவிட்டதால் அதை எடுத்துவிட்டார்கள். மற்ற ஏழு பேரை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் சுத்தமாகத் தெரிகிறது. அவளுக்கு ஆறு மாதம் நீட்டிப்பு. அட்டைப்பெட்டியைப் பிரித்துவிட்டாள் போல, டைமர் பழைய இடத்தில் இருந்தது.

கையெழுத்துப் போட்டேன். அவள் மூன்று சின்னக் குழாய்களை ஐஸிலிருந்து எடுத்துத் திறந்து ப்ளீச் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்:

"நான் தேடினது இதுலதான் இருந்துச்சு. அந்த ஹிஸ்டிடின் இருக்கிற கை. வேற யார்கிட்டயும் இவ்வளவு தெளிவா இல்ல, அவ்வளவு அழகா. ரெண்டு மாசமா தினமும் பாத்திருக்கேன். அழுக்குன்னு நெனச்சேன்."

"இத நீ எழுத முடியாதா?"

"முடியாது மேடம்."

உண்மையைச் சொல்லி, விதிக்கு விலக்கு வாங்கி, ஒவ்வாமை உள்ள எட்டுப் பேரோடு ஒன்பதாவதாக நின்றிருந்தால் இன்று அவள் ஆராய்ச்சிக்கே நான்தான் உயிர். ஒவ்வாமை இல்லாத ஆள் வேண்டும் என்று வந்து நின்று இரண்டு பக்கத்தையும் கெடுத்தேன். குழாய்களில் நுரை வந்து அடங்கும்வரை நின்றுவிட்டு கீழே வந்தேன்.

ஜூலை 18, வெள்ளி

நானூற்றுப் பத்து பாட்டில். நீராவியில் கண்ணாடி மங்கிவிடுகிறது. இங்கே யாருக்கும் என் கை எப்படி என்று கவலையில்லை. நல்லதுதான்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

லிஃப்டில் அவள். "நல்லா இருக்கியாம்மா?" என்று கேட்டுவிட்டேன். "இருக்கேன் மேடம்" என்று மாடி எண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கொண்டையில் பேனா மூன்றாகிவிட்டது.

அக்கா என்று கூப்பிடுவாள் என்று எதிர்பார்த்தாயா? வெட்கமா இல்ல?

செப்டம்பர் 26, வெள்ளி

நர்ஸ் கீழே வந்தாள், பழைய நர்ஸ், மார்ச்சில் லீவில் இருந்தவள். ஒவ்வாமை உள்ளவர்கள் பக்கத்தில் ஒருவர் விலகிவிட்டாராம். இன்னொருவர் வேண்டும். நான் இப்போது அந்த லேப் ஆள் இல்லை. ஆகவே கொடுக்க விதி இடம் தருகிறது. யாருடைய ரத்தம் என்று அவளுக்குத் தெரிந்தே எடுக்க விசாரணைக் குழுவிடமும் எழுதிக் கேட்டு அனுமதி வாங்கியாயிற்று.

"யார் கேக்கச் சொன்னது? பெரியவரா?"

"இல்ல. அந்தப் பொண்ணுதான். வேணாம்னா சொல்லிடுங்க, கட்டாயமில்ல."

ஈரக் கையைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் சரி என்றேன்.

செப்டம்பர் 30, செவ்வாய்

இன்று போனேன். நேற்றே நெயில் பாலிஷ் பாட்டில் எல்லாவற்றையும் ஒளிக்காமல் அலமாரி மேல்தட்டில் வைத்துவிட்டேன் என்பதால் வீட்டுக்காரர் "கடை போடப் போறியா" என்று காலையில் கிண்டல் செய்தார். அந்தச் சிரிப்பு லேப் வாசல் வரைதான் தாங்கியது.

நர்ஸ் படிவத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பதினாறு வயது, தோடு, வாட்ச், தொப்புள், ஒன்றையும் விடவில்லை. இதுவரை டாக்டரிடம்கூடச் சொல்லாதது. கொண்டைப்பேனா மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்து எழுதிக்கொண்டாள். நான் சொல்லி முடித்ததும் படிவத்தை எடுத்து முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை விரல் வைத்துப் படித்தாள். என்னிடமிருந்து வந்த எந்தக் காகிதத்தையும் அவள் முன்பு படித்துப் பார்த்ததே இல்லை. அக்கா எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்பாள்.

நர்ஸ் ஊசியை எடுத்தாள்.

"இன்னைக்கு ரத்தம் வேணாம் சிஸ்டர்" என்றாள் அவள். "மொதல்ல ஒட்டுப் போடுங்க. வியாழக்கிழமை நானே பாக்கிறேன்."

"எதுக்கு? அவங்கதான் எல்லாத்தையும் ஒண்ணு விடாம சொல்றாங்களே. போதாதா?"

அவள் என்னைப் பார்த்தாள். மே மாதத்துக்குப் பிறகு நேராகப் பார்த்தது இன்றுதான். கோபம் இல்லை. அதுதான் தாங்கவில்லை.

"போதாது" என்றாள்.

நான் சட்டையைக் கழற்றி மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு, முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.